நிழலும் வெயிலும் – 11: இடுகாட்டில் பத்து நாள்

மலைக்கு ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். சீன மொழியில் யாங், யின் என்ற இரண்டு சொற்களும் ஆதியில் சுட்டியது அவ்வளவைத்தான். அந்த எளிய வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு மனித உடலுக்கே கணக்கெழுதிய மருத்துவர்களின் கதையைத்தான் கடந்த பத்து வாரங்களாகப் பார்த்துவருகிறோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய கடைசி இரண்டு நூற்றாண்டுகளில் திரண்ட நூல் ‘ஹுவாங்தி நெய்ஜிங்’. மஞ்சள் பேரரசரின் அக நூல் என்று பொருள். அது உள்ளுறுப்புகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தது. இதயம், கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகிய ஐந்தும் ‘ட்ஸாங்’. இவை சேமித்து வைப்பவை, கொட்டிவிடாதவை. ஆகவே யின். இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், பித்தப்பை, சிறுநீர்ப்பை, ‘சான்ஜியாவ்’ எனப்படும் மூன்று அடுப்பு ஆகிய ஆறும் ‘ஃபு’. இவை வாங்கி, மாற்றி, அனுப்பிவிடுபவை. ஆகவே யாங்.

ஒவ்வொரு யின் உறுப்புக்கும் ஒரு யாங் துணை. இதயத்துக்குச் சிறுகுடல், நுரையீரலுக்குப் பெருங்குடல், கல்லீரலுக்குப் பித்தப்பை, மண்ணீரலுக்கு இரைப்பை, சிறுநீரகத்துக்குச் சிறுநீர்ப்பை. அரண்மனையில் இருப்பதுபோல ஆளுக்கொரு பதவியும் உண்டு. இதயம் அரசர், நுரையீரல் அமைச்சர், கல்லீரல் படைத்தலைவர், மண்ணீரலும் இரைப்பையும் களஞ்சிய அதிகாரிகள். மூன்று அடுப்பு மட்டும்தான் புதிர். அதற்குப் பெயர் உண்டு, உருவம் கிடையாது என்று ‘நான்ஜிங்’ என்ற பழைய நூல் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது.

உடலைத் திறந்து பார்க்கவே இல்லையா? பார்த்தார்கள். கி.பி. 16-ல், ஆட்சியைப் பிடித்த வாங் மாங், தன் எதிரி ஒருவரின் உடலை அறுத்துப் பார்க்க அரண்மனை வைத்தியரையும் ஒரு கசாப்புக்காரரையும் ஏவியதைப் பார்த்தோம். உறுப்புகளை அளந்தார்கள். மெல்லிய மூங்கில் குச்சியை நாளங்களுக்குள் விட்டு, அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தேடினார்கள். சோங் ஆட்சியில், 1040-களில், குவாங்சியில் கொல்லப்பட்ட கிளர்ச்சிக்காரர்களின் உடல்களைப் பார்த்துப் படம் வரைந்தார்கள். 1113-ல் யாங் ஜியே இன்னும் தெளிவான படங்களைத் தந்தார். அங்கேதான் சென்ற வாரம் நிறுத்தினோம்.

அதன் பிறகு பெரும்பாலும் படத்தைப் பார்த்தே படம் வரைந்தார்கள். கிட்டத்தட்ட எழுநூறு ஆண்டுகள்.

இந்த வாரம் வருபவர் அந்தப் படங்களை மூடிவைத்துவிட்டுக் குதிரையை விட்டு இறங்கியவர்.

●

டாவோதி, 1797

அவர் பெயர் வாங் சிங்ரென். 1768-ல், பெய்ஜிங்குக்குக் கிழக்கே யூத்தியன் வட்டாரத்தில் பிறந்தவர். முதலில் அவர் கற்றது வில்லும் குதிரையும். படைத்துறைத் தேர்வில் முதல் படியைக் கடந்தார், பணம் கட்டிச் சிறிய ராணுவப் பட்டம் ஒன்றையும் வாங்கினார். இருபது வயதை ஒட்டி வைத்தியத்துக்கு வந்துவிட்டார்.

படித்த நூல்கள் அவரை அலைக்கழித்தன. மண்ணீரல் சத்தம் கேட்டால் அசையும், அசைந்து உணவை அரைக்கும் என்று ஓரிடத்தில் இருந்தது. மண்ணீரல் அசையாமல் இருப்பதே இயல்பு என்று இன்னோரிடத்தில் இருந்தது. நுரையீரலில் 24 துளைகள் என்றார்கள். கல்லீரலுக்கு ஏழு மடல்கள் என்றார்கள். எண்ணியது யார், எப்போது, எந்த உடலில் என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி அவரை உறுத்தியது. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் எதற்கு மருந்து கொடுக்கிறோம்?

திறந்து பார்க்க வழியில்லை. பெற்றோர் தந்த உடலைச் சிதைக்காமல் காப்பதே பிள்ளையின் முதல் கடமை என்று போதித்த சமூகம் அது. வைத்தியன் பிணத்தில் கத்தி வைப்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். கசாப்புக் கடையில் ஆட்டையும் பன்றியையும் பார்க்கலாம். மனிதனை எங்கே பார்ப்பது?

1797-ம் ஆண்டு, சீன நாள்காட்டியின் நான்காம் மாதத் தொடக்கம். லுவான்சோ பகுதியில் டாவோதி என்ற சிற்றூருக்கு அவர் வைத்தியம் பார்க்கப் போயிருந்தார். இன்றைய டாங்ஷான் நகரத்துப் பக்கம். அங்கே குழந்தைகளுக்குக் கொள்ளைநோய். உடம்பெல்லாம் தடிப்பு, கூடவே வயிற்றுப்போக்கு. பத்துக்கு எட்டு, ஒன்பது குழந்தைகள் இறந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஏழைகள் சவப்பெட்டிக்கு எங்கே போவார்கள்? பாயில் சுற்றிக் கொண்டுவந்து, ஏழைகளுக்கான பொது இடுகாட்டில் மேலோட்டமாக மண்ணைத் தள்ளி மூடினார்கள். ஆழப் புதைக்காததற்கு வறுமை மட்டும் காரணமில்லை. இறந்த குழந்தையை நாய் தின்றுவிட்டால் அடுத்த குழந்தை தங்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

பெற்ற வயிறு எப்படித்தான் தாங்கியதோ. ஆனால் அடுத்ததாவது பிழைக்க வேண்டுமே என்ற தவிப்பில்தான் அந்த வழக்கம் நின்றது. அதை இங்கிருந்து நாம் குறை சொல்ல முடியாது.

விளைவு என்ன? ஒவ்வொரு நாளும் நூற்றுக்கும் மேற்பட்ட பிஞ்சு உடல்கள் வயிறு கிழிந்து வெளியே கிடந்தன. வாங் சிங்ரென் தினமும் அந்த வழியாகத்தான் குதிரையில் போனார். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

●

குதிரையை விட்டு இறங்கிய காலை

எந்த நாள் என்று அவர் குறித்துவைக்கவில்லை. ஏதோ ஒரு காலையில், பொத்திய கையை எடுத்தார்.

முன்னோர் தவறியது நேரில் பார்க்காததால்தானே? இதோ, கண்ணெதிரே கிடக்கிறது. அருவருப்புப் பட்டு நானும் விலகிப் போனால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அவருடைய நூலில் இந்த இடம் அலங்காரமே இல்லாமல் வருகிறது. முடிவெடுத்தேன், போனேன், பார்த்தேன் என்பதுபோல. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிக முக்கியமான திருப்பமாகத் தெரிவது அந்த முடிவுதான்.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் இடுகாட்டுக்குப் போனார். நாய்கள் தின்றது போக மிச்சம் இருந்ததைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. குடலும் இரைப்பையும் பெரும்பாலும் இருந்தன. இதயமும் கல்லீரலும் கிடைப்பது அரிது. ஓர் உடலில் இல்லாததை இன்னோர் உடலில் தேடினார். பத்து உடல்களைப் பார்த்தால் மூன்றில்தான் உறுப்புகள் முழுசாக இருந்தன.

பத்து நாட்கள். முழுமையாகப் பார்க்க முடிந்தவை முப்பதுக்கும் சற்று மேல்.

அவரிடம் கத்தி இல்லை. மேசை இல்லை. உதவியாள் இல்லை. இறந்தவர்களுக்கு அவரால் எந்தத் தீங்கும் நேரவில்லை. குனிந்து பார்த்தார், நினைவில் வைத்துக்கொண்டார், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டார். அவ்வளவே.

பார்த்ததும் பழைய படங்களும் பொருந்தவில்லை. எண்ணிக்கை, வடிவம், இருப்பிடம் எதிலும் பொருந்தவில்லை.

கல்லீரலுக்கு ஏழு மடல் இல்லை, நான்குதான். நுரையீரலில் 24 துளைகளைக் காணோம். உயிரின் சாரத்தைச் சேமித்து வைக்கும் யின் உறுப்பு என்று சொல்லப்பட்ட சிறுநீரகம் கெட்டியாக இருந்தது. அதற்குள் எதையும் சேமிக்க இடமே இல்லை என்று முடிவுகட்டினார். மூன்று அடுப்பு? அப்படி ஒன்று எங்குமே இல்லை. அன்று வரை எந்தப் படத்திலும் தெளிவாக வராத கணையத்தையும், குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையையும் பார்த்து, அவற்றுக்குப் பெயர்களும் வைத்தார்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம். குழந்தைகளின் உடலில் அது காகிதம்போல மெல்லியதாக இருக்கும். நாய்கள் கிழித்த உடல்களில் அது எப்போதுமே கிழிந்தே கிடந்தது. அது இதயத்துக்கு மேலா, கீழா? நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா? முப்பது உடல்களைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை.

உறுப்புகளுக்கு மேல், கீழ் என்று யாங், யின் பிரிக்கும் மருத்துவத்தில், அந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாவிட்டால் மற்றவை தெரிந்து என்ன பயன்? அப்படித்தான் அவருக்குப் பட்டது. நூலை எழுதாமல் நிறுத்திவைத்தார்.

●

ஒரு சவ்வுக்காக

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1799. மஞ்சூரியாவில் ஃபெங்தியன் நகரம், இன்றைய ஷென்யாங். கணவனையும் மாமனாரையும் கொன்ற ஒரு பெண்ணுக்கு மரண தண்டனை. சித்தம் கலங்கிய பெண். வயது 26. மேற்கு வாசலுக்கு அவளைக் கொண்டுபோகும்போது வாங் சிங்ரென் கூட்டத்தோடு பின்னால் நடந்தார்.

பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. இறக்கப்போவது ஒரு பெண். ஓர் ஆண் அருகில் நின்று பார்ப்பது முறையல்ல. நின்றுவிட்டார். சற்று நேரத்தில் தண்டனையை நிறைவேற்றியவன் இதயம், கல்லீரல், நுரையீரலைக் கையில் ஏந்திக்கொண்டு அவரைக் கடந்து போனான். பார்த்தார். குழந்தைகளிடம் பார்த்ததும் இதுவும் ஒன்றுதான். உதரவிதானத்தை அன்றும் பார்க்கவில்லை.

உண்மைக்காக இடுகாட்டில் பத்து நாள் குனிந்து நின்றவர், ஒரு பெண்ணின் மானத்துக்காக அந்த உண்மையையே விட்டு விலகி நின்றார். வாங் சிங்ரென்மேல் எனக்குள்ள மரியாதையில் பாதி இந்த இடத்தில் வந்தது.

1820. பெய்ஜிங்கில் தாயைக் கொன்ற ஒருவனுக்குத் தண்டனை. இம்முறை அருகில் போக முடிந்தது. ஆனால் உதரவிதானம் ஏற்கெனவே அறுபட்டிருந்தது.

1828. காஷ்கர் பக்கம் பெரும் கிளர்ச்சியை நடத்திய ஜஹாங்கீர் கோஜாவைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுவந்து கொன்றார்கள். காவல் பலம். வாங்கால் நெருங்கக்கூட முடியவில்லை.

இதற்குள் அவர் தலைநகரில் மருந்துக்கடை வைத்து நடத்திவந்தார். பெயர் பெற்ற வைத்தியர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நூல் இன்னும் முடியவில்லை.

தாவோகுவாங் பேரரசரின் ஒன்பதாம் ஆண்டு, கடைசி மாதத்தின் 13-ம் நாள் இரவு. ஆண்டிங் வாசலுக்குப் பக்கத்துச் சந்தில் ஹெங் என்ற குடும்பத்தார் வைத்தியம் பார்க்க அழைத்திருந்தார்கள். பேச்சுவாக்கில் தன் குறையைச் சொன்னார். நாற்பது ஆண்டாகத் தேடுகிறேன், எல்லாம் பார்த்துவிட்டேன், உதரவிதானம் மட்டும் தெரியவில்லை.

அங்கே ஹெங் ஜிங் என்ற உயர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஹாமி படைமுகாமில் காவல் இருந்தவர், காஷ்கர்ப் போரில் பங்கெடுத்தவர். போர்க்களத்தில் எத்தனையோ உடல்களைப் பார்த்தவர். உதரவிதானமா? எனக்குத் தெரியுமே என்றார்.

வாங் சிங்ரென் துள்ளி எழுந்து வணங்கிக் கேட்டார். அவர் விளக்கினார்.

முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட தேடல் ஒரு கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு படை அதிகாரியின் நினைவால் முடிந்தது.

இதில் மனத்தைப் பிசையும் செய்தி ஒன்று உண்டு. அதே பெய்ஜிங்கில், அரண்மனைக்குள், ஒரு நூறு ஆண்டுகளாக ஒரு உடற்கூற்று நூல் இருந்தது. காங்சி பேரரசருக்காக பூவே, பாரெனின் என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார்கள் மஞ்சு மொழியில் எழுதியது. ஐரோப்பிய அறுவை மேசைகளில் பார்த்ததெல்லாம் படங்களோடு அதில் இருந்தன. அச்சிடப் பேரரசர் அனுமதிக்கவில்லை. கையெழுத்துப் பிரதிகள் சில மட்டும் அரண்மனைகளில் பூட்டிக் கிடந்தன. 1723-ல் ஒரு பிரதி பாரிஸ் அறிவியல் கழகத்துக்குப் போயிற்று. சில மைல் தொலைவில் மருந்துக்கடை வைத்திருந்தவருக்கு அது கண்ணில் படவே இல்லை.

●

1830: புத்தகம்

நூல் வெளிவந்தது. பெயர் ‘ஈலின் கைச்சுவோ’. வைத்திய உலகின் பிழைகளைத் திருத்துதல் என்று பொருள். தேடத் தொடங்கி 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய படத்தையும் தான் வரைந்ததையும் வாசகரே ஒப்பிட்டுக்கொள்ளும்படி கொடுத்தார்.

அதில் மிகத் துணிச்சலான பகுதி மூளையைப் பற்றியது. நெய்ஜிங் வகுத்த அரண்மனையில் இதயமே அரசர். அறிவும் நினைவும் அங்கேதான். வாங் சிங்ரென் அந்த அரசரைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார். காது மூளையோடு இணைகிறது, ஆகவே கேட்டது அங்கே போகிறது. கண்ணிலிருந்து நூல்போல இரண்டு தடங்கள் மூளைக்குப் போகின்றன. பிறந்த குழந்தைக்கு உச்சிக்குழி மூடவில்லை, மூளை நிறையவில்லை, அதனால்தான் கண் சுழலவில்லை, பேச்சு வரவில்லை. வளர வளர மூளை நிறைகிறது, நினைவும் வருகிறது. இப்படிப் படிப்படியாகக் காட்டி, நினைவு இருப்பது இதயத்தில் அல்ல, மூளையில் என்றார். தனக்கு முன்பே இரண்டொருவர் இதைத் தொட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் பெயரையும் மறக்காமல் குறித்தார்.

இதுவரைக்கும் வெற்றிக் கதை. இங்கே கதை திரும்புகிறது.

அவர் கண்ணை நம்பினார். கண் அவரை ஏமாற்றியது.

இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் காலியாக இருக்கும். ரத்தம் சிரைகளில் ஒதுங்கிவிடும். காலியான தடித்த குழாய்களைப் பார்த்த வாங், இவற்றில் ஓடுவது ரத்தமல்ல, காற்று என்று எழுதினார். நாடியில் துடிப்பதும் அந்தக் காற்றுதான் என்றார். இதயத்தில் ரத்தமே இல்லை என்றும் சொன்னார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்ட்ரியாவில் எராசிஸ்ட்ராட்டஸ் என்ற கிரேக்க மருத்துவர் தமனிகளைப் பற்றி இதே முடிவுக்குத்தான் வந்தார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேரை ஒரே பிணம் ஒரே தவறுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

இன்னொன்று. நாய்கள் கிழித்த நெஞ்சுகளில், உதரவிதானத்துக்கு மேலே ரத்தம் தேங்கிக் கிடந்தது. சாவுக்குப் பிறகு கசிந்து தேங்கியது அது. அவரோ அதை உடலின் நிரந்தரமான ஓர் அறை என்று எடுத்துக்கொண்டார். ‘ரத்த மாளிகை’ என்று பெயர் வைத்தார்.

மனித உடலில் அப்படி ஓர் அறை கிடையாது.

அந்த இல்லாத அறைக்கு ஒரு கஷாயமும் வகுத்தார். ‘ஷுவேஃபூ ஜூயூ தாங்’, ரத்த மாளிகையின் தேக்கத்தை விரட்டும் கஷாயம். பீச் கொட்டைப் பருப்பு, குசும்பப் பூ, அதிமதுரம் உட்பட 11 சரக்குகள். இன்றைக்கும் சீன மருத்துவமனைகளில் பாரம்பரியப் பிரிவில் அதிகம் எழுதித் தரப்படும் மருந்துகளில் அது ஒன்று. மாத்திரைக் குப்பியாகவும் கிடைக்கிறது. அவர் திருத்திய உடற்கூறு அறிஞர்களின் நூலகத்துக்குப் போய்விட்டது. அவர் பிழையாகப் பார்த்த அறையின் பெயர் மருந்துச் சீட்டில் தங்கிவிட்டது.

●

யாங்கின் ஐந்து பங்கு

உறுப்புகளின் பழைய படத்தைக் கிழித்தவர், யின்-யாங்கையும் தூக்கி எறிந்திருக்க வேண்டுமல்லவா? இந்தத் தொடரைப் படிக்கும் எவருக்கும் எழும் கேள்வி இது. நானும் அவருடைய கஷாயப் பட்டியலைப் புரட்டியபோது இதையே தேடினேன்.

அவர் பெயரை இன்றுவரை வாழவைக்கும் இன்னொரு மருந்து பக்கவாதத்துக்கானது. ‘பூயாங் ஹுவான்வூ தாங்’. பெயரிலேயே யாங் இருக்கிறது. யாங்கை நிரப்பி ஐந்தைத் திருப்பித் தருவது என்று பொருள்.

எந்த ஐந்து? மனித உடலில் ஆதி உயிர்விசை பத்துப் பங்கு என்று வையுங்கள் என்கிறார் வாங். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. அதில் பாதி குறைந்துபோனால், மிச்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மறுபக்கம் வெறுமையாகும், கை கால் விழுந்துவிடும். இழந்த ஐந்தை மீட்டுக்கொடுத்தால் நோயாளி எழுவான்.

மருந்தின் அளவிலும் அதே கணக்குத்தான். உயிர்விசையைக் கூட்டும் என்று நம்பப்பட்ட ஹுவாங்சி வேர் மட்டும் நான்கு லியாங் எடை. ரத்தத்தை ஓடவைக்கும் மற்ற ஆறு சரக்குகளும், மண்புழு உட்பட, எல்லாம் சேர்ந்தாலும் ஒரு லியாங்கைத் தொடாது. ரத்தத் தேக்கத்தைப் பற்றியே வாழ்நாளெல்லாம் யோசித்தவர், ரத்தத்தைத் தள்ளுவதற்குப் பின்னால் இருக்கும் யாங்குக்குத்தான் அத்தனை எடையையும் வைத்தார்.

ஒரு வார்த்தை இடையில். பக்கவாதம் வந்தால் முதல் சில மணி நேரம் பொன்னானது. அப்போது போக வேண்டிய இடம் மருத்துவமனை. நான் இங்கே சொல்வது ஒரு சிந்தனையின் வரலாற்றை மட்டும்தான்.

சரி, ஏன் அவர் யாங்கை விடவில்லை? பழைய நூலோர் உறுப்பு என்று எதைச் சொன்னார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது.

நெய்ஜிங் கல்லீரல் இடப்பக்கம் என்கிறது. எந்தக் கசாப்புக்காரருக்கும் அது தவறென்று தெரியும். ஆனால் அந்த நூலின் மனிதர் பேரரசரைப் போலத் தெற்கு நோக்கி அமர்ந்திருப்பவர். அவருக்கு இடப்பக்கம் கிழக்கு. கிழக்கு என்றால் சூரியன் எழும் திசை, வசந்தம், துளிர்க்கும் மரம், யாங் மேலே ஏறத் தொடங்கும் நேரம். கல்லீரல் அந்த ஏற்றத்துக்குப் பொறுப்பான அதிகாரி. அதிகாரியின் துறை கிழக்கு. அதனால் இடது.

இரைப்பைக்குப் பக்கத்தில் கிடக்கும் ஓர் ஈரமான சதைப்பிண்டத்தைப் பற்றி ஒருவர் பேசுகிறார். ஆண்டின் நான்கு பருவங்களும் உடலுக்குள் நடத்தும் ஆட்சியைப் பற்றி இன்னொருவர் பேசுகிறார். இருவரும் கல்லீரல் என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். சிக்கலின் முடிச்சு இதுதான்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க முடியாது. பழையவர்கள் பருவத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்கவில்லை. மடல்களை எண்ணினார்கள், எடை சொன்னார்கள், துளைகளை எண்ணினார்கள். எண்ணிச் சொன்னது தவறென்றால் தவறுதான். வாங் சிங்ரென் பிடித்தது அந்தத் தவறை. அதைப் பிடித்ததற்காக அவரை மரபுக்குப் பகைவராக ஆக்கியது நியாயமில்லை. யின் குறைந்தால் எப்படி இருக்கும், யாங் குறைந்தால் எப்படி இருக்கும் என்று உயிரோடு இருக்கும் நோயாளியிடம் பார்த்த அனுபவத்தை அவர் கைவிடவே இல்லை.

●

வசையும் வேண்டுகோளும்

ஏச்சு பலமாக வந்தது. பிணக்குவியலிலும் கொலைக்களத்திலும் வைத்தியம் கற்கச் சொல்கிறார் இவர் என்று லூ மாவ்ஷியூ என்ற வைத்தியர் பின்னாளில் கொதித்தார். செத்த உடலில் உயிர்விசை ஏது, அதைப் பார்த்து உயிரோடிருப்பவனின் உறுப்புகளை எப்படி அறிவது என்பதே எதிர்த்தரப்பின் வாதம். காலித் தமனியில் வாங் ஏமாந்ததை நினைத்தால், அந்த வாதத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. அவரைப் புரட்சிக்காரராகக் கொண்டாடியவர்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சிந்தனையாளர் லியாங் சிச்சாவ் அப்படித்தான் கொண்டாடினார்.

வாங் சிங்ரென் எதையும் கேட்க இருக்கவில்லை. நூல் வந்த மறு ஆண்டு, 1831-ல், பெய்ஜிங்கில் இறந்துபோனார்.

தன் நூலில் ஒரு வேண்டுகோளை விட்டுச்சென்றிருந்தார். இதில் சரியில்லாததும் முழுமையில்லாததும் நிச்சயம் இருக்கும். பின்னால் வருகிறவர்களுக்கு உறுப்புகளை நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தால், கவனமாகப் பார்த்து இதைத் திருத்துங்கள், சேருங்கள். இதுதான் அதன் சாரம்.

இருபது ஆண்டுகள் ஓடின.

1851. தெற்கே, குவாங்சோ துறைமுகம். முதல் அபினிப் போரில் தோற்று, அந்நியருக்குத் திறந்துவிடப்பட்ட நகரம். அங்கே மருத்துவமனை நடத்திய பெஞ்சமின் ஹாப்சன் என்ற ஆங்கிலேய மிஷனரி மருத்துவர், உள்ளூர் உதவியாளர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, செம்மையான சீன மொழியில் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் ‘சுவான்தி சின்லூன்’, முழு உடலைப் பற்றிய புதிய விளக்கம். எலும்பு எலும்பாகப் படம். இதயத்தின் நான்கு அறைகள். தமனியில் ஓடும் ரத்தம். உதரவிதானம் இருக்கும் இடமும்.

வாங் கேட்டுக்கொண்ட திருத்தம் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் தோற்கடித்த நாட்டுக்காரர்.

அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிய சீன வைத்தியர்கள், யின் உறுப்புகள் ஐந்தையும் யாங் உறுப்புகள் ஆறையும் அதன் எந்தப் பக்கத்தில் தேடினார்கள்? அங்கே காணாதபோது எதை விட்டார்கள், எதைக் காத்துக்கொண்டார்கள்?

அடுத்த வாரம் குவாங்சோவில் சந்திப்போம்.